ஃபார்மேட் என்னும் ஒற்றை மருந்து

தென்காசி மாவட்டம் சிவகிரியில் ஒரு வீட்டுக் கணினி மெதுவாகிவிட்டால் அதற்குக் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் நான்கு. "ஃபார்மேட் போட்டுரலாம் அண்ணாச்சி" என்பது முதல் பதில். நல்ல ஆன்ட்டிவைரஸ் ஒன்றை வாங்கிப் போடச் சொல்வது அடுத்தது. குரோமை விட்டு வேறு பிரவுசருக்கு மாறச் சொல்வார்கள். எதுவும் சரிவரவில்லை என்றால், பழசாகிவிட்டது, புதிது வாங்குங்கள் என்பார்கள். நான்கிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தக் கணினியின் எந்த உறுப்பு திணறுகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்பவர்கள் குறைவு. பார்க்காமல் சொல்லும் வைத்தியத்துக்கு வீட்டுக்காரர் பணம் கொடுக்கிறார். மூன்றாவது மாதம் அதே கணினியைத் தூக்கிக்கொண்டு ராஜபாளையத்துக்கோ புளியங்குடிக்கோ பஸ் ஏறுகிறார். இந்த நான்கு பதில்களும் எந்த அளவுக்குத் தாங்கும் என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

முதலில் எந்தக் கணினியைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் தொடங்கியது. அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்ய, சுமார் 50 லட்சம் மடிக்கணினிகள் மாணவர்கள் கைக்குப் போயின. சிவகிரி, வாசுதேவநல்லூர், ராயகிரி வட்டாரத்தில் பல வீடுகளுக்கு வந்த முதல் கணினி அதுதான். பிளஸ் டூ படித்த அக்காவுக்குக் கிடைத்தது தம்பிக்கு வந்து, இப்போது டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் போடவும், பட்டா எடுத்துப் பார்க்கவும், சம்பளச் சீட்டு அச்செடுக்கவும் பயன்படுகிறது. தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் ராம் 2 ஜிபி. உள்ளே இருந்தது சுழலும் ஹார்ட் டிஸ்க். கொடுத்தபோது இருந்த விண்டோஸ் 7 அல்லது 8.1-ஐ எடுத்துவிட்டு யாரோ ஒருவர் விண்டோஸ் 10 ஏற்றியிருப்பார். கடையில் காசு கொடுத்து அதே காலத்தில் வாங்கிய மேசைக் கணினிகளின் கதையும் ஏறத்தாழ இதுதான்.

கணினியைத் தொடும் முன் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மெதுவாக இருப்பது கணினியா, இணைய இணைப்பா? அதே வைஃபையில் கைப்பேசியை இணைத்து அதே தளத்தைத் திறந்து பாருங்கள். கைப்பேசியிலும் இழுத்தால் இணைப்பில்தான் கோளாறு. அப்போது கணினியை என்ன செய்தாலும் பலன் இல்லை. கைப்பேசியில் பளிச்சென்று திறந்து கணினியில் மட்டும் வெள்ளைத் திரை நின்றால், ரவுட்டரையும் கணினியையும் ஒரு லேன் வயரால் இணைத்துப் பார்க்க வேண்டும். பழைய மடிக்கணினிகள் பலவற்றில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே உண்டு. அதன் வேகம் குறைவு; கனத்த சுவர்கள் தாண்டினால் இன்னும் சோர்ந்துவிடும். வயரிலும் மாற்றம் இல்லையென்றால்தான் கணினியின் உள்ளே போக வேண்டும்.

உள்ளே போவதற்கு ஸ்குரூ டிரைவர் தேவையில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். கணினியை ஆன் செய்த உடனே அதைத் திறந்து, மேலே ஓடும் எண்களை ஐந்து நிமிடம் பாருங்கள். பழைய விண்டோஸ் 10 மடிக்கணினியில் பொதுவாகத் தெரிவது இது: சிபியு 20, 30 சதவீதம், மெமரி 70 சதவீதத்துக்கு மேல், டிஸ்க் 100 சதவீதம், அடர்ந்த நிறத்தில். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய் டிஸ்க்கைச் சொடுக்கினால் இன்னொரு எண் வியப்பைத் தரும். நூறு சதவீதம் வேலை செய்வதாகக் காட்டும் அந்த டிஸ்க் நொடிக்கு ஒரு எம்பியோ இரண்டு எம்பியோதான் படித்துக்கொண்டிருக்கும். கோப்பு ஒன்றை நகலெடுக்கும்போது நொடிக்கு 80 எம்பி கொடுத்த அதே டிஸ்க்!

காரணம் எளிய கணக்கு. மடிக்கணினி ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லி நொடி. தேவையான தகவல் படிக்கும் தலைக்கு நேரே வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். தலை ஒரு தடத்தில் இருந்து இன்னொரு தடத்துக்கு நகர இன்னும் பத்து மில்லி நொடிக்கு மேல். ஆக, அங்கங்கே சிதறிக் கிடக்கும் துண்டுகளைத் தேடி எடுக்கச் சொன்னால் நொடிக்கு அறுபது எழுபது துண்டுகளுக்கு மேல் அதனால் முடியாது. துண்டு ஒன்று 4 கேபி என்றால் மொத்தம் கால் எம்பி அளவுதான் தேறும். விண்டோஸ் எழும்போதும், குரோம் திறக்கும்போதும், விண்டோஸின் சொந்த ஆன்ட்டிவைரஸான டிஃபென்டர் சோதிக்கும்போதும் நடப்பது பெரும்பாலும் இந்தத் துண்டுத் தேடல்தான். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி இதே வேலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை செய்கிறது, சுழலும் தட்டோ நகரும் தலையோ அதில் இல்லாததால். புதுக் கணினிக்கும் பழைய கணினிக்கும் நடுவே வீட்டில் உணரப்படும் வேகத்தில் பெரும்பங்கு இந்த ஒரு உறுப்பில்தான் இருக்கிறது. புராசஸருக்குக் கிடைக்கும் பழி பல நேரம் நியாயமற்றது.

மெமரியின் பங்கையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ராம் நிறைந்ததும் விண்டோஸ் நின்றுவிடுவதில்லை. இப்போதைக்குத் தேவைப்படாத பக்கங்களை டிஸ்க்கில் இருக்கும் பேஜ் ஃபைலுக்கு மாற்றுகிறது. நீங்கள் பழைய டேபைத் தொட்டதும் அங்கிருந்து திரும்ப எடுக்கிறது. எடுப்பது எங்கிருந்து? அதே சுழலும் டிஸ்க்கில் இருந்து. ஆகவே ராம் பற்றாக்குறை டிஸ்க் நெரிசலாகத் தோற்றம் கொள்கிறது, அந்த நெரிசல் பிரவுசர் தொங்குவதாகத் தெரிகிறது. "குரோம் மோசம்" என்ற முடிவுக்குப் பலர் வந்து சேரும் வழி இதுதான். 4 ஜிபி ராமில் விண்டோஸ் 10 தனக்கென்று எடுத்துக்கொண்டது போகக் கிடைப்பது ஏறக்குறைய பாதி. அதில் பத்து டேப் திறந்தால் எஞ்சுவது இல்லை.

இப்போது ஃபார்மேட்டுக்கு வருவோம். அது பலன் தராது என்று சொன்னால் பொய். தானாகத் தொடங்கும் நிரல்கள், டூல்பார்கள், காலாவதியான டிரைவர்கள் எல்லாம் ஒரே அடியில் போகின்றன. முதல் வாரம் கணினி ஓடுகிறது. வைரஸ் ஆழமாகப் புகுந்த கணினிக்கு அதைவிட நல்ல வழியும் இல்லை. ஆனால் மெதுவாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஃபார்மேட் செய்வதை ஏற்க முடியாது. தட்டு சுற்றும் வேகம் ஃபார்மேட்டால் மாறாது. புதிதாக ஏற்றிய விண்டோஸ் அடுத்த சில நாட்களுக்கு அப்டேட்களை இறக்கிக்கொண்டே இருக்கும். டிஸ்க் மறுபடி நூறில் நிற்கும். குரோமில் கூகுள் கணக்கை நுழைத்து சிங்க் ஆன் செய்ததும் பழைய எக்ஸ்டென்ஷன்கள் எல்லாம் தாமாகவே திரும்பி வந்து உட்காரும், தொல்லை கொடுத்தது உள்பட. இழப்போ கனமானது. ஒன்றிரண்டு ஆண்டு டைப் செய்த வானவில், பாமினி எழுத்துருக் கோப்புகள் வைத்திருப்பவர்களுக்கு இது புரியும்: ஃபார்மேட்டுக்குப் பிறகு எழுத்துரு இல்லாமல் திறந்தால் மனுவும் கல்யாணப் பத்திரிகையும் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். உரிமம் இல்லாத விண்டோஸைக் கிராக் போட்டு ஏற்றும் இடங்களில் ஆபத்து இன்னும் கூடுதல். அந்தக் கிராக்கை ஓட்டுவதற்காக டிஃபென்டரை அணைத்துவிட்டுத்தான் கணினியைக் கையில் தருகிறார்கள்.

ஃபார்மேட்டுக்கு முன்னால் செய்யப்படும் சில சடங்குகளும் உண்டு. டெஸ்க்டாப்பில் வலது சொடுக்கி ரெஃப்ரெஷ் அடிப்பது அவற்றில் மூத்தது. அது ஐகான்களைத் திரும்ப வரைகிறது, வேறொன்றும் செய்வதில்லை. ரன் பெட்டியில் 'ப்ரீஃபெட்ச்' என்று அடித்து உள்ளே இருப்பதை எல்லாம் அழிப்பது அடுத்தது. இதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். நிரல்களை விரைவாகத் திறப்பதற்காக விண்டோஸ் சேர்த்துவைத்த குறிப்புகள் அவை; அழித்தால் மறுநாள் எல்லாம் இன்னும் தாமதமாகத் திறக்கும். பிரவுசரின் கேஷை வாரா வாரம் அழிப்பதும் இதே வகை. நேற்றுப் பார்த்த தளத்தின் படங்களை மறுபடி இறக்காமல் இருக்கத்தான் கேஷ். ஒரு தளம் உடைந்து தெரிந்தால் அழிக்கலாம். வேகத்துக்காக அழிப்பதில் பொருளே இல்லை. டெம்ப் கோப்புகளை அழிப்பது மட்டும் சி டிரைவ் நிரம்பி வழியும்போது உதவும்.

கிளீனர் மென்பொருள்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் போதும். உலகம் முழுவதும் நம்பிப் பயன்படுத்தப்பட்ட சிகிளீனரின் 5.33 பதிப்பில் 2017 ஆகஸ்டில் தீங்கு நிரல் கலந்து வெளியானது. அந்தப் பதிப்பு இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் ஏறியிருந்தது. ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே சொல்லியிருக்கிறது. ஆன்ட்டிவைரஸிலும் கதை பெரிதாக மாறவில்லை. விண்டோஸ் 10-லேயே டிஃபென்டர் இருக்கிறது. இலவச ஆன்ட்டிவைரஸ் ஒன்று, காலாவதியான கட்டண ஆன்ட்டிவைரஸ் ஒன்று என்று கணினியில் இரண்டு மூன்று இருந்தால், திறக்கும் ஒவ்வொரு கோப்பையும் ஒன்றுக்கு மேற்பட்ட காவலர் சோதிப்பார்கள். சுழலும் டிஸ்க்குக்கு அது தாங்காது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குவதுதான் சரி.

பிரவுசரில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இன்று வீட்டுக் கணினி என்பதே பெரும்பாலும் ஒரு பிரவுசர்தான். 2008-ல் குரோம் வந்தபோது டேப்களைத் தனித்தனிப் புராசஸாக ஓட்டும் முறையைப் பரவலாக்கியது. ஒன்று விழுந்தால் மற்றவை விழாது என்பது அதன் ஆதாயம். மெமரிச் செலவு அதன் விலை. 2018-ல் ஸ்பெக்டர் என்ற புராசஸர் ஓட்டை வெளிப்பட்ட பிறகு, ஒவ்வொரு தளத்தையும் தனிப் புராசஸில் அடைக்கும் காப்பை கூகுள் சேர்த்தது. அதற்காக மெமரிச் செலவு 10 முதல் 13 சதவீதம் கூடும் என்று அந்நிறுவனமே அறிவித்தது. பாதுகாப்புக்காகக் கொடுக்கும் விலை என்பதால் அதை நான் குறை சொல்ல மாட்டேன். குறை சொல்ல வேண்டியது பக்கங்களை. 2011-ல் ஒரு நடுத்தர இணையப் பக்கத்தின் எடை அரை எம்பி அளவில் இருந்தது. 2024-ல் அது 2.6 எம்பி. அரசு மடிக்கணினி மாணவர் கைக்கு வந்த நாளில் இருந்த இணையம் வேறு, இன்று அதே கணினி திறக்க வேண்டிய இணையம் வேறு. தமிழ்ச் செய்தித் தளம் ஒன்றைத் திறந்து, குரோம் மெனுவில் மோர் டூல்ஸ் வழியாக அதன் சொந்த டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். நான்கு பத்திச் செய்திக்குப் பக்கத்தில், விளம்பரச் சட்டகங்கள் தனித்தனிப் புராசஸாக நின்று மெமரியைத் தின்பது பெயரோடு தெரியும். வாசகரை மதிக்கும் தளங்கள் இதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

அதே பட்டியலில்தான் எக்ஸ்டென்ஷன்களும் அகப்படும். பிடிஎஃப் மாற்றி, கூப்பன் தேடி, வீடியோ இறக்கி என்று என்றோ சேர்த்தவை எல்லாப் பக்கத்திலும் ஓடிக்கொண்டிருக்கும். பெயர் நினைவில் இல்லாத எதையும் நீக்கலாம். தேர்வு முடிவு பார்க்கப் போன தளங்களில் 'அலவ்' கொடுத்ததால் மூலையில் ஓயாமல் வந்து விழும் அறிவிப்புகளை செட்டிங்ஸில் போய் நிறுத்தலாம். வைரஸ் என்று பயந்து கடைக்கு வரும் கணினிகளில் பலவற்றின் நோய் இந்த அறிவிப்புகள்தான். குரோமில் 2022 கடைசியில் வந்த மெமரி சேவர், எட்ஜில் 2021-ல் வந்த ஸ்லீப்பிங் டேப்ஸ் இரண்டும் பார்க்காத டேப்களைத் தூங்கவைக்கும். 4 ஜிபி கணினியில் அவற்றை அணைத்துவைக்க எந்தக் காரணமும் இல்லை.

அப்படியானால் வேறு பிரவுசருக்கு மாறுவது? நம் மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குத் தனி அர்த்தம் உண்டு. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்தும் ஜோஹோ நிறுவனம் 2023 மே மாதம் 'உலா' பிரவுசரை வெளியிட்டது. 2025 மார்ச்சில், மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் நடத்திய இந்திய பிரவுசர் உருவாக்கப் போட்டியில் ஜோஹோ முதலிடமும் ஒரு கோடி ரூபாய்ப் பரிசும் பெற்றது. பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் வேகம் என்ற ஒரே அளவுகோலை வைத்துப் பார்த்தால், உலாவின் அடித்தளமும் குரோமின் அடித்தளமான குரோமியம்தான்; எட்ஜும் பிரேவும் அப்படியே. ஒரே எஞ்சின் என்பதால் மெமரிப் பசியில் பெரிய வேறுபாட்டை எதிர்பார்க்கக் கூடாது. உலாவில் விளம்பரத் தடுப்பு உள்ளேயே இருக்கிறது, வேக வித்தியாசம் தெரிந்தால் அதனால்தான் தெரியும். ஃபயர்ஃபாக்ஸின் எஞ்சின் வேறு; குரோமில் 2024, 2025-ல் முடக்கப்பட்ட முழு யுபிளாக் ஆரிஜின் விளம்பரத் தடுப்பான் அதில் இன்னும் ஓடுகிறது. பழைய கணினிக்கு எதைப் பரிந்துரைப்பேன் என்று கேட்டால், யுபிளாக் ஆரிஜினோடு ஃபயர்ஃபாக்ஸ் அல்லது தடுப்பை ஆன் செய்த உலா. எதுவானாலும் ஒன்று மட்டும். மூன்றையும் வைத்துக்கொண்டு மாறி மாறித் திறப்பது மெமரிக்குக் கேடு.

யூடியூப் மட்டும் திக்கித் திக்கி ஓடி, டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் அமைதியாக, சிபியு மட்டும் நூறில் நின்றால் அது தனிக் கதை. 2011 காலத்துப் புராசஸர்கள் எச்.264 வகை வீடியோவை வன்பொருளிலேயே விரித்துக்காட்டும். யூடியூப் இப்போது பெரும்பாலும் அனுப்புவது விபி9, ஏவி1 வகைகளை. அவற்றை அந்தப் புராசஸர் மென்பொருளால் முக்கி முனகித்தான் விரிக்க வேண்டும். எச்.264-ஐயே அனுப்பச் சொல்லும் 'எச்264ஐஃபை' என்ற எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. அது வேண்டாமென்றால் 480பி-க்கு இறங்கிப் பாருங்கள். சிபியு காரணமில்லாமல் எப்போதும் தவழ்ந்தால் விசிறியில் தூசி அடைத்திருக்கலாம்; ஆடிக்காற்று மண்ணை வாரி வீசும் நம் பகுதியில் இது சாதாரணம். சில மடிக்கணினிகள் டூப்ளிகேட் சார்ஜரை அடையாளம் காணாமல் போனால் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இன்னொன்று: விண்டோஸ் 10-ல் ஷட்டவுன் கொடுத்தாலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதியால் உள்பகுதி முழுதாக அணைவதில்லை. நாள்பட்ட தொங்கலுக்கு ரீஸ்டார்ட்தான் சரியான வழி.

புதிது வாங்குங்கள் என்ற பதிலை எடைபோட வேண்டிய நேரம் இது. அதற்கு ஆதரவான வலுவான வாதம் ஒன்று உண்டு: விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்களை நீட்டித்துக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்ஸை பேக்கப் செய்தால் அது இலவசம். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப்பும் இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத புராசஸரும் வேண்டும். 2011 முதல் 2016 வரை வந்த மடிக்கணினிகள் தேறாது. விண்டோஸ் 7-லேயே இருப்பவர்களுக்கு நிலைமை இன்னும் கடினம்: குரோமின் 109-ஆம் பதிப்போடு அவர்களுக்கான புதுப்பிப்பு 2023-ல் நின்றுபோனது. எதிர்வாதமும் வலுவானது. 2025 கடைசியில் இருந்து உலகெங்கும் மெமரி சிப் விலை ஏறிவிட்டது, செயற்கை நுண்ணறிவு மையங்கள் வாங்கிக் குவிப்பதால். மலிவு விலைப் புதுக் கணினிகளில் இன்னும் 4 ஜிபி ராமோடு விற்பவை உண்டு. அவற்றை வாங்கினால் இரண்டு ஆண்டில் இதே இடத்துக்கு வந்து நிற்பீர்கள். கல்லூரி மாணவர்களுக்காக 2025-ல் எல்காட் கோரிய மடிக்கணினியில் 8 ஜிபி ராமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் இருந்தன. குறைந்தபட்சமாக வீட்டுக்கு எதை வாங்க வேண்டும் என்பதற்கு அது நல்ல அளவுகோல்.

விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறும் வழியும் இருக்கிறது. அரசு மடிக்கணினிகள் பலவற்றில் மத்திய அரசின் சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பெரும்பாலான வீடுகளில் அது தொடப்படாமலே அழிக்கப்பட்டது என்பது வருத்தமான செய்தி. இன்று லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 4 ஜிபி கணினியில் நன்றாக ஓடுகிறது, பாதுகாப்பு அப்டேட்களும் தொடர்ந்து வருகின்றன. தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கிறது. ஆனால் பக்கங்களின் எடை லினக்ஸில் குறையாது, சுழலும் டிஸ்க் லினக்ஸிலும் சுழலத்தான் செய்யும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பழைய ஸ்கேனர் வைத்திருப்பவர்கள் அவை ஓடுமா என்று முதலில் சோதிக்க வேண்டும்.

என் தீர்ப்பு இது. ராம் 4 ஜிபி அல்லது அதற்கு மேல் இருந்து, டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் நூறில் நின்றால், செலவழிக்க வேண்டிய முதல் ரூபாய் எஸ்எஸ்டிக்கு. பழைய சாட்டா இணைப்பில் பாதி வேகத்தில் ஓடினாலும் அது தரும் மாற்றத்துக்கு வேறெதுவும் பக்கத்தில் வராது. ராம் 8 ஜிபி ஆக்க இடமிருந்தால் அது இரண்டாவது. பிரவுசரைச் சுத்தம் செய்வதற்குக் காசே வேண்டாம் என்பதால் அதை இன்றே செய்யலாம். மெதுவாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஃபார்மேட் செய்வதும், கிளீனர் வாங்குவதும் வீண். ராம் 2 ஜிபியில் நின்று கூட்டவும் வழியில்லாத கணினிக்கு எஸ்எஸ்டி வாங்கிக் கொடுக்காதீர்கள். அதில் லினக்ஸ் ஏற்றி டைப் பழகலாம், கணக்கு எழுதலாம். வங்கிக் கணக்கைத் திறக்க அது இனி ஏற்றதல்ல.

கடைக்குப் போகும் முன் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரலில் ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். 'காஷன்' என்று மஞ்சளில் காட்டினால் வேகத்தை மறந்துவிட்டு அன்றைக்கே கோப்புகளைப் பத்திரப்படுத்த வேண்டும். எஸ்எஸ்டி மாற்றிய பிறகு பழைய டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். உங்கள் ஆதார் நகலும் பத்திர ஸ்கேனும் பிள்ளைகளின் படங்களும் அதில்தான் இருக்கின்றன. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி கேஸ் ஒன்றில் போட்டு வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.